டோக்கன் கையில், கண் கதவில்

கேள்வி: எங்கள் இலவச கிளினிக் வாரத்தில் ஒரு நாள் நடக்கிறது. ஒரு டாக்டர், எட்டுத் தன்னார்வலர்கள். பக்கத்து அறையில் சர்க்கரை நோயாளிகள் கூட்டம், பி.பி. பார்ப்பது, உடற்பயிற்சி என்று தொடங்கினோம். முதல் வாரம் அறை நிறைந்தது; இப்போது நான்கு பேர் வந்தால் அதிகம். நாங்கள் பார்க்கும் பி.பி.யும் டாக்டர் பார்ப்பதும் ஒத்துப்போவதில்லை. வீட்டில் மீந்த மாத்திரைகளைப் பலர் கொண்டுவந்து தருகிறார்கள், வாங்கலாமா?

பதில்: மக்களுக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். பக்கத்து அறையில் உட்கார்ந்தால் டாக்டர் அறைக் கதவு தெரிகிறதா? தெரியாது என்றால் கூட்டம் குறைந்ததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். வெகுநேரம் காத்திருப்பவர் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: நம் முறை போய்விடக் கூடாது. அதிலும் நாற்காலி நாற்காலியாக நகர்ந்து போகும் வரிசை என்றால், எழுந்தவருக்கு இடம் போச்சு. எவ்வளவு நல்ல பேச்சாக இருந்தாலும் எழுந்து வரமாட்டார்.

எண் போட்ட டோக்கன் கொடுங்கள். கூப்பிடுவதற்கு மட்டும் ஒருவரை நிறுத்துங்கள். அவருக்கு வேறு வேலை வேண்டாம். டாக்டரிடம் 22 போகும்போதே, “23 முதல் 27 வரை வெளியே வந்து உட்காருங்கள்” என்று அவர் பக்கத்து அறைக்குள் வந்து சொல்ல வேண்டும். கூப்பிடும்போது இல்லாதவரை வரிசையின் கடைசிக்குத் தள்ளாதீர்கள். இரண்டு பேர் கழித்து மறுபடி கூப்பிடுவோம் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் ஆட்கள் எழுந்து வருவார்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு என்று வருபவர்களுக்கு டோக்கனே கிடையாது, நேராக உள்ளே.

கூட்டத்தை வேறு நாளுக்கு மாற்றும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். இன்னொரு நாள் வேலையை விட்டு வர முடிகிறவர்கள் உங்களிடம் வருபவர்களில் குறைவாகவே இருப்பார்கள். ஒரு மணி நேரப் பேச்சும் வேண்டாம். ஒரே விஷயம், இருபது நிமிடம், அதே நாளில் மூன்று தடவை. நடுவில் எழுந்து போனவர் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து அடுத்த தடவையில் உட்கார்ந்துகொள்ளலாம். எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதைத் தாண்டினால் பேசுவது இரண்டு பேராகிவிடும், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

சர்க்கரை நோயாளிகள் கூட்டத்தைப் பாதத்திலிருந்து தொடங்குங்கள். கருவி எதுவும் வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்க்க இப்ஸ்விச் தொடு சோதனை என்று ஒன்று இருக்கிறது. செருப்பு, காலுறையைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் மெல்லத் தொடுங்கள். ஒன்றிரண்டு விநாடி போதும். இரண்டு கால்களிலுமாக ஆறு இடம். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவவும் கூடாது. அழுத்தினால் உணர்ச்சி குறைந்த விரலும் ‘தெரியுது’ என்று சொல்லிவிடும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் டாக்டர் சீட்டில் குறித்து அனுப்புங்கள். ஒருவருக்கொருவர் செய்துபார்க்கும்போது கூச்சம் போய்விடும். பேச்சு தானாக வரும். கடைசியில் “வீட்டுக்குப் போய் இதை எப்படிச் செய்வீர்கள்?” என்று அவர்களையே செய்துகாட்டச் சொல்லுங்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

பி.பி. விஷயத்தில் கருவியைக் குறை சொல்வதற்கு முன் கையில் சுற்றிக் கட்டும் பட்டையைப் பாருங்கள். எத்தனை சென்டிமீட்டர் கைக்கு என்று பட்டையிலேயே அச்சிட்டிருக்கும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையை டேப்பால் சுற்றி அளந்து, அதற்குப் பொருந்தும் பட்டையைப் போடுங்கள். பருத்த கையில் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகத்தான் வரும். ஒரே பட்டையை எல்லாருக்கும் கட்டும் இடத்தில் இதுதான் முதல் தவறு.

இரண்டாவது தவறு கை இருக்கும் உயரம். பட்டை நெஞ்சின் மட்டத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இருந்தாலே சுமார் 8 புள்ளி கூடிவிடும். கையை மடியில் வைத்தோ தொங்கவிட்டோ பார்ப்பதும், மேஜைமேல் வைத்துப் பார்ப்பதும் ஒத்துப்போகாததற்குக் காரணம் இது. சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காமல், வெறும் கையில் கட்டுங்கள். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில் பதிந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது. சிறுநீர் முட்டினால் போய்விட்டு வரட்டும். காபி, புகை, வேக நடை முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். அந்த நேரத்தில் நீங்களும் பேசாதீர்கள். குசலம் விசாரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தும் பழக்கம் தன்னார்வலர்களுக்கு உண்டு, பேசுகிறவர் அளவு ஏறும்.

140/90 வந்தால் ‘உங்களுக்கு பி.பி. இருக்கு’ என்று நீங்கள் சொல்ல வேண்டாம். ஒருநாள் அளவை வைத்துச் சொல்லிவிட முடியாது, அது டாக்டர் வேலை. 180/120க்கு மேல் போனால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கவில்லை என்றால் டோக்கனைப் பார்க்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலமின்மை இருந்தால் ஐந்து நிமிடம் காத்திருக்கவும் வேண்டாம். உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டியவர்.

மீந்த மாத்திரைகளை வாங்காதீர்கள். நோயாளியின் கைக்குப் போய்த் திரும்பி வந்த மருந்தை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் மருந்து நன்கொடை நெறிமுறையும். வந்து சேரும் நன்கொடை மருந்துக்குக் குறைந்தது ஓராண்டு ஆயுள் மீதியிருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. கொடுப்பவர் மனசு நல்லதுதான்; ஆனால் அந்த அட்டை அடுப்பு மேடையில் இருந்ததா, வெயிலில் இருந்ததா என்று யாருக்கும் தெரியாது. பாதி வெட்டிய அட்டையில் காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் வெட்டிப்போன பாதியோடு போயிருக்கும். ஃபிரீசர் ஓரத்தில் ஒருமுறை உறைந்த இன்சுலின், உருகிய பின் பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கலாம். மறுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள் என்றால் ‘அழிப்பதற்கு மட்டும்’ என்று எழுதிய பெட்டி ஒன்று வையுங்கள். அதைத் திறப்பது மருந்தாளுநர் மட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று. டாக்டர் 30 நாளுக்கு எழுதுகிறாரா என்று பாருங்கள். வாரக் கிளினிக்கில் 30 நாள் என்பது கணக்குக்கு உதவாத எண். மருந்து உங்கள் கிளினிக் இல்லாத நாளில் தீரும். அடுத்த கிளினிக் வரை ஐந்து நாள் மாத்திரை இருக்காது. 35 நாளுக்கு எழுதிக் கொடுத்து 28ஆம் நாள் வரச் சொல்லலாமா என்று அவரிடம் கேளுங்கள். வருவது அதே கிழமை, கையில் ஒரு வாரம் மிச்சம். வராதவர்களுக்கு அன்று மாலையே போன் செய்யுங்கள். யார் எடுத்தாலும் விஷயத்தைச் சொல்லலாமா, அவரிடம் மட்டும்தானா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுச் சீட்டில் எழுதிவைக்க வேண்டும். மாத்திரை சாப்பிடுவது வீட்டுக்கே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு.

உடற்பயிற்சி வகுப்பை நாற்காலியில் உட்கார்ந்தபடியே வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்களையும், சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரை சாப்பிடுபவர்களையும் முன்பே தெரிந்துவையுங்கள். வேர்வை, நடுக்கம், குழப்பம் தெரிந்தால் நிறுத்திச் சர்க்கரை பாருங்கள். கையைக் கழுவித் துடைத்த பிறகே விரலைக் குத்த வேண்டும்; பழம் உரித்த விரல் பொய் சொல்லும். குத்தும் ஊசி ஆளுக்கு ஒன்று, குத்தும் கருவியைக்கூடப் பகிரக் கூடாது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி அப்படிப் பரவும். 70க்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிறவராக இருந்தால், 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். குளுக்கோஸ் டப்பா வகுப்பு நடக்கும் அறையிலேயே, பூட்டில்லாத அலமாரியில் இருக்கட்டும்.