பந்தைக் கையில் வைத்திருப்பது

அன்புள்ள ஐயா,

வட கரோலினாவில் கேரியில் வசிக்கிறேன். மென்பொருள் வேலை. மகன் டியூக் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. அவன் சேர்ந்த நாளிலிருந்து டியூக்கின் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றையும் நான் விட்டதில்லை. போன சனிக்கிழமை (2025 ஏப்ரல் 5) சான் அன்டோனியோவில் ஹூஸ்டனோடு அரையிறுதி. எட்டு நிமிடம் மிச்சமிருக்கும்போது 14 புள்ளி முன்னிலை. 35 வினாடி இருக்கும்போதுகூட 6 புள்ளி. ஆனாலும் 70-67 என்று தோற்றோம்.

அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மனைவி சிரிக்கிறாள். கோடிக்கணக்கில் வாங்குகிற பையன்களுக்கு அரை நிமிடம் பந்தைக் கையில் வைத்திருக்கத் தெரியாதா? எங்கள் கூப்பர் ஃபிளாக் மேல் கடைசியில் கொடுத்த ஃபவுல் பச்சை அநியாயம். எதிரணி செய்த ஃபவுலுக்காகக் கிடைத்த ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்ட எங்கள் ப்ராக்டரை ஃபேஸ்புக்கில் கிழித்துத் தொங்கவிட்டேன். அதைப் பார்த்த மகன் என்னோடு பேசுவதில்லை.

நான் அங்கே படித்தவனும் இல்லை, பந்தைத் தொட்டவனும் இல்லை. சம்பந்தமே இல்லாத தோல்வி ஏன் இப்படி வலிக்கிறது? இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

ஆர்., கேரி

அன்புள்ள ஆர்.,

பிள்ளை படிக்கிற இடம் எப்படி உங்களுக்குச் சம்பந்தமில்லாத இடமாகும்? வலிக்கத்தான் செய்யும். நாலு நாள் வலித்துவிட்டுப் போகட்டும். சாப்பிடுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. 2021-இலிருந்துதான் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்க முடிகிறது. அதற்கு முன்பு ஓசியில் ஆடியவர்களும் இதைவிட மோசமாகத் தோற்றிருக்கிறார்கள். ஃபவுல் விஷயம்: ரீப்ளே பார்த்தேன். கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம். 14 புள்ளியையும் ரெஃப்ரியா தூக்கிக்கொண்டு போனார்?

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. “அரை நிமிடம் பந்தைக் கையில் வைத்திருக்கத் தெரியாதா?” அந்த ஆட்டத்தைப் பார்த்ததிலிருந்து நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து. வைத்திருக்கப் பார்த்ததால்தான் போனது என்பது என் கட்சி.

1983-இல் நான் உங்களுக்குப் பக்கத்து ஊரில், ராலேயில், வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். எங்கள் கல்லூரி அந்த ஆண்டு இறுதி ஆட்டம் வரை போய்விட்டது. எதிரே ஹூஸ்டன், தொடர்ந்து 26 ஆட்டம் ஜெயித்து வந்த அணி. பின்னாளில் உலகமே கொண்டாடிய ஒலாஜுவான், ட்ரெக்ஸ்லர் இருவரும் அதில்தான் ஆடினார்கள். எங்கள் பையன்களோ அந்தப் பருவத்தில் பத்து ஆட்டம் தோற்றவர்கள். லேபில் கருவிகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் என்னைத் தன் வீட்டுக்கு ஆட்டம் பார்க்க அழைத்திருந்தார். தரையில் செய்தித்தாளை விரித்து அவித்த வேர்க்கடலையைக் கொட்டி வைத்திருந்தார். (அவித்த கடலை நம்மூர் பீச்சில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். உங்கள் மாநிலத்திலும் சாலையோரங்களில் விற்பார்கள், தேடிப் பாருங்கள்.)

இடைவேளையில் நாங்கள் முன்னால். இடைவேளைக்குப் பிறகு ஹூஸ்டன் பேய் மாதிரி ஓடி 42-35 என்று கடந்து போய்விட்டது. பெரியவர் கடலையை நிறுத்திவிட்டார். அப்போதுதான் ஹூஸ்டன் கோச் கை லூயிஸ் தன் ஆட்களை நிதானமாக ஆடச் சொன்னார். காரணம் இல்லாமல் இல்லை. ஆட்டம் நடந்த ஆல்புகெர்க்கி கடல் மட்டத்திலிருந்து 5,000 அடி உயரம், பையன்களுக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வினாடிக்குள் கூடைக்குப் போட்டாக வேண்டும் என்று சொல்லும் ஷாட் கிளாக்கும் அந்தப் போட்டியில் கிடையாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பந்தைச் சுற்றி அனுப்பிக்கொண்டே இருக்கலாம். ஓடுவதையே ஆட்டமாக வைத்திருந்த அணி நின்றது. பெரியவர் டிவியைப் பார்த்தபடி ஒரு கடலையை எடுத்து உரித்தார். “நிறுத்திட்டாங்கப்பா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எங்கள் கோச் வால்வானோ அடுத்துச் செய்தது அப்போது பலருக்கு அசிங்கமாகப் பட்டது. பந்து வைத்திருப்பவன் மேல் வேண்டுமென்றே ஃபவுல் செய்யச் சொன்னார். போய் ஃப்ரீ த்ரோ போடு, பார்க்கலாம் என்று. ஹூஸ்டன் அன்று 19 ஃப்ரீ த்ரோவில் 9-ஐத் தவறவிட்டது. 52-46 என்று இருந்தது 52-52 ஆனது. கடைசி வினாடியில் எங்கள் விட்டன்பர்க் எங்கிருந்தோ வீசிய பந்து வளையத்துக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. கீழே நின்ற லொரென்சோ சார்ல்ஸ் அதை அந்தரத்திலேயே பிடித்து உள்ளே திணித்தான். 54-52. கட்டிப்பிடிக்க ஆள் தேடி வால்வானோ மைதானத்தில் அலைந்ததை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள்.

உடனே டீன் ஸ்மித்தைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். சேப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கோச்சாக இருந்த அவர் பந்தை வைத்திருந்தே எத்தனை ஆட்டம் ஜெயித்தார்! நாலு மூலையில் நாலு பேர், நடுவில் பந்தோடு ஒருவன். ஆனால் அவருடைய ஆட்டக்காரன் ஃபில் ஃபோர்டு நடுவில் நின்றபோது அது பதுங்கலே இல்லை. எதிரி ஒரு அடி வெளியே வந்தால் போதும், அந்தச் சந்தில் புகுந்து கூடைக்குப் போய்விடுவான். அது தாக்குதல். வெறுமனே பந்தை வைத்திருந்தபோது என்ன நடந்தது என்பதற்கு டியூக் இருக்கிற உங்கள் டர்ஹமே சாட்சி. 1979 பிப்ரவரி 24, டியூக் மைதானத்தில் ஸ்மித்தின் பையன்கள் முதல் பாதி முழுக்கப் பந்தைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். இடைவேளையில் 7-0. டியூக் ஏழு, அவர்கள் பூஜ்யம். இரண்டாம் பாதியில் ஒழுங்காக ஆடினார்கள். இரண்டு பக்கமும் 40, 40. ஆட்டம் முடிந்தபோது 47-40. ஆட மறுத்த பாதியில் விட்டுக்கொடுத்த அதே ஏழு! மூன்று ஆண்டு கழித்து ஸ்மித்தின் அணி ஒரு ஆட்டத்தை 47-45 என்று இழுத்து இழுத்து ஜெயித்தபோது ஊரே கொந்தளித்தது. அப்புறம்தான் 1985-86 பருவத்திலிருந்து 45 வினாடிக் கடிகாரம். பிறகு 35. இப்போது 30.

கடிகாரம் வந்தும் புத்தி வரவில்லை. 30 வினாடியில் 22-ஐத் தட்டிக் கழித்துவிட்டு, மிச்ச எட்டில் யாரோ ஒருவன் இரண்டு பேர் மேலே ஏறிப் போடுவதற்குப் பெயர் இப்போது நிதானம். டியூக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஃப்ரீ த்ரோ தவிர ஒரே ஒரு கூடைதான் போட்டது, அதுவும் மூன்று நிமிடம் இருக்கும்போது ஃபிளாக் போட்டது. ஹூஸ்டன் தடுப்பாட்டத்தில் சூரர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே சூரர்கள் மேல்தானே முதல் முப்பது நிமிடம் தைரியமாக ஆடி முன்னுக்கு வந்தார்கள்? கூட்டமான பஸ்ஸில் பர்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவனைத்தான் பிக்பாக்கெட்காரன் தேடுவான். 59-45-க்குப் பிறகு டியூக் தொட்டுப் பார்க்க ஆரம்பித்ததை என்னால் சோபாவில் உட்கார்ந்தே பார்க்க முடிந்தது.

நீங்கள் 35 வினாடி, 35 வினாடி என்று அடித்துக்கொள்கிறீர்கள். ஹூஸ்டனின் ஷார்ப் போட்ட மூன்று புள்ளி, டியூக் எல்லைக்கோட்டிலிருந்து உள்ளே போட்ட பந்தைத் திருடியது, டக்லர் தவறிய பந்தை எடுத்துத் திணித்தது, எல்லாம் அங்கேதான் நடந்தது, சரி. அதற்கு வழி திறந்துவிட்டது அதற்கு முந்தின பத்து நிமிடம். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

இப்போது ப்ராக்டர். ஒரு புள்ளி முன்னிலை, 20 வினாடி, எதிரே எழுபதாயிரம் பேர் அளவுக்குக் கூட்டம். முதல் ஃப்ரீ த்ரோ போனால்தான் இரண்டாவது கிடைக்கும் என்ற விதி. தவறியது. 1983-இல் 52-52 என்று இருந்தபோது ஹூஸ்டனின் ஆல்வின் ஃபிராங்க்ளின் தவறவிட்டதும் இதே மாதிரி முதல் பந்துதான். இருபத்தொரு வயதுப் பையனை, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, ஃபோனில், அதுவும் அவன் படிக்கமுடியாத தமிழிலா திட்டினீர்கள்? உங்கள் மகன் அவனோடு அதே வளாகத்தில் நடமாடுகிறவன். நூலகத்தில், கேன்டீனில் எதிர்ப்படுவான். நாளைக்கு உங்கள் பையன் ஒரு பரீட்சையில் சறுக்கினால் அப்பா என்ன எழுதுவார் என்று அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது. பேசாமல் என்ன செய்வான்?

ஃபிளாக்கைப் பாருங்கள். 18 வயது. 27 புள்ளி போட்டவன். எட்டு வினாடி இருக்கும்போது உள்ளே போய்த் திரும்பி, ஹூஸ்டனின் ராபர்ட்ஸ் தலைக்கு மேல் போட்டான். பந்துக்குத் தூரம் போதவில்லை. அந்த மாதிரிச் சமயத்தில் அந்த ஷாட்டை எடுத்ததில் தனக்கு வருத்தமில்லை என்று பிறகு சொன்னான். அவன் ஒருவன்தான் கடைசி வரை கூடையைப் பார்த்தான்.

திங்கட்கிழமை நடந்த இறுதி ஆட்டத்தை நீங்கள் வீம்புக்காகப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஹூஸ்டன் ஃபுளோரிடாவோடு 42-30 என்று முன்னால் இருந்து 65-63 என்று தோற்றது. கடைசிப் பந்து யார் கையில் தெரியுமா? சனிக்கிழமை உங்கள் வயிற்றெரிச்சலைத் தொடங்கிவைத்த அதே ஷார்ப். மூன்று புள்ளிக்கு எழும்பினான். ஃபுளோரிடாவின் கிளேட்டன் பாய்ந்து வந்து மறைத்துவிட்டான். போட முடியாமல் பந்தைக் கீழே விட்டான். எழும்பிவிட்டு விட்ட பந்தைத் தானே தொட்டால் அது விதிமீறல். கைக்கெட்டும் தூரத்தில் பந்து துள்ளுகிறது, அவன் தொட முடியாமல் நிற்கிறான், நேரம் முடிந்தது. அவனை எந்த ஊர் அப்பா ஃபேஸ்புக்கில் திட்டிக்கொண்டிருக்கிறாரோ.

முதலில் அந்தப் பதிவை நீக்குங்கள். நீக்கியதை மகனிடம் நீங்களே சொல்லுங்கள், அவனாகப் பார்க்கட்டும் என்று விடவேண்டாம். பிறகு கடைசிப் பத்து நிமிடத்தை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து மறுபடி பாருங்கள். டியூக் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தில் எத்தனை வினாடி மிச்சம் வைத்துப் போட்டது என்று ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்புங்கள். என் கட்சி தவறென்று பட்டால் சண்டை போடுங்கள், நவம்பரில் அடுத்த பருவம் தொடங்கும்வரை எனக்கும் வேறு வேலை இல்லை.