சாயும் குதிரைவீரன்: ஒரு ரோமானியச் செப்புக்காசின் அடையாளம்

கேள்வி: அமராவதி மணலில் கிடைத்ததாகச் சொல்லி எங்கள் பாட்டனார் வைத்திருந்த செப்புக்காசு ஒன்று வீட்டில் உள்ளது. குறுக்களவு 17 மி.மீ., எடை 2.5 கிராம். ஒரு பக்கம் வலப்புறம் நோக்கிய தலை, முத்துக்கள் கோத்த பட்டம் அணிந்திருக்கிறது. மறுபக்கம், குதிரையோடு சாய்கிறவனை ஒரு வீரன் ஈட்டியால் குத்துகிறான். தலையைச் சுற்றி ‘கான்ஸ்டான்’ என்பது வரை படிக்க முடிகிறது. இது கான்ஸ்டன்டைன் பேரரசரின் காசா? புளி போட்டுத் துலக்கினால் மற்ற எழுத்துகள் தெரியுமா?
– வாசகர், கரூர்

பதில்: புளியை அடுப்படியிலேயே விட்டுவிடுங்கள். பதினாறு நூற்றாண்டுகளாகப் படிந்த பச்சைக் களிம்புதான் எழுத்தின் விளிம்பைக் காத்து நிற்கிறது. புளிப்பு அதைக் கரைக்கும்போது எழுத்தும் கூடவே போய்விடும். வாலைவடிநீரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் அகற்றலாம். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் உலோகம் அரிக்கப்படுகிறது என்று பொருள். அத்தகைய காசை ஈரம் படாமல் தனியே வைக்க வேண்டும்.

இனி அடையாளத்துக்கு வருவோம். தேய்ந்த ரோமானியக் காசில் பெயரைப் பிடித்துக்கொண்டு தொடங்குவது பெரும்பாலும் வழி தவறச் செய்யும், ஏனெனில் அந்தக் குடும்பத்தில் தந்தை, மகன்கள், உறவினர் எனப் பலர் பெயரும் ‘கான்ஸ்டான்’ என்றே தொடங்குகிறது. பின்பக்கம்தான் உறுதியான சாட்சி. சாயும் குதிரைவீரன் உருவம், ‘நற்காலம் மீண்டது’ என்ற பொருளுடைய ‘ஃபெல் டெம்ப் ரெபராட்சியோ’ வாசகத்துடன் 348-ஐ ஒட்டி அறிமுகமானது. கான்ஸ்டன்டைன் பேரரசரோ 337-லேயே இறந்துவிட்டார். ஆகவே அவரை விலக்கிவிடலாம்.

எஞ்சுகிறவர்கள் அவருடைய மகன்களான கான்ஸ்டான்ஸ், இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் ஆகியோரும், இளவரசராக இருந்த கால்லஸும். கால்லஸின் பெயரும் காசில் கான்ஸ்டான்டியஸ் என்றே வரும், ஆனால் அவர் தலையில் பட்டம் இராது. கான்ஸ்டான்ஸ் 350-இல் கொல்லப்பட்டார். அவர் காலத்தில் இவ்வகைக் காசு 20 மி.மீ.-க்கு மேல் அகன்று, கையில் கனமாகவே இருந்தது. பின்னர் எடை குறைக்கப்பட்டு, 350-களின் நடுவில் உங்கள் காசின் அளவுக்குச் சுருங்கியது. எனவே இது 337 முதல் 361 வரை ஆண்ட இரண்டாம் கான்ஸ்டான்டியஸின் காசு என்பதே என் முடிவு. சரிபார்க்க விரும்பினால், கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து ‘கான்ஸ்டான்’ என்பதை அடுத்த எழுத்தைப் பாருங்கள்: ‘டி’ (T) என்றால் அவர், ‘எஸ்’ என்றால் தம்பி கான்ஸ்டான்ஸ்.

பின்பக்கத்தில் உருவத்துக்குக் கீழே கோடிட்டுப் பிரித்த சிறு இடத்தில் அச்சுச்சாலையின் குறி இருக்கும். ‘ஏ-எல்-இ’ என்றால் அலெக்சாந்திரியா, ‘ஏ-என்’ என்றால் அந்தியோக்கியா. ‘சி-ஓ-என்-எஸ்’ என்று கண்டால் அது கான்ஸ்டான்டிநோபிள் என்னும் ஊர்; அதையே அரசர் பெயராகப் படித்துக் குழம்புகிறவர்கள் பலர்.

நான்காம் நூற்றாண்டு ரோமானியச் சிறு செப்புக்காசுகள் கரூர், மதுரை வட்டாரங்களிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைத்துள்ளதால், உங்கள் வீட்டுக் கதையில் ஐயப்பட ஒன்றுமில்லை. அதே காரணத்தால் பெருவிலையும் எதிர்பார்க்க வேண்டாம். நூறாண்டு கடந்த நாணயம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்; வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப இயலாது. கரூர் அரசு அருங்காட்சியகத்தில் காட்டி, குறியை நேரில் படித்துத் தரும்படி கேளுங்கள்.