வாசகர் கேள்வி – பதில்: கிறிஸ்துமஸுக்கு எந்தப் புத்தகம்?

அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து புத்தகப் பரிசு பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம்.

பேரன்களுக்கு 3 வயது, 6 வயது. பளபளவென்று ஒரு கிறிஸ்துமஸ் படப் புத்தகம் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அதையே வாங்கலாமா?
– ஒரு பாட்டி, தங்கச்சிமடம்

ஒரே புத்தகம் சரிப்படாது, பாட்டி. சின்னவனுக்கு ஒவ்வொரு பக்கமும் கெட்டி அட்டையாக இருக்க வேண்டும். மெல்லிய பளபளப்புத் தாளை ஒரே இழுப்பில் கிழித்துவிடுவான். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி போதும். மூலைகள் உருட்டி வெட்டப்பட்டிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

பெரியவனுக்கு 24 முதல் 32 பக்கம், 18 புள்ளி (பாயிண்ட்) அளவுக்குக் குறையாத எழுத்து. வாங்கும் முன் கடையிலேயே ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். உங்களுக்கே மூச்சு வாங்கினால் வைத்துவிட்டு வந்துவிடலாம். படித்துக் காட்டப்போவது நீங்கள்தானே.

எழுத்தே இல்லாத புத்தகமும் உண்டு. ரேமண்ட் பிரிக்ஸின் 'தி ஸ்னோமேன்' (1978) முழுக்கப் படங்கள். கதையை நம் பேச்சிலேயே சொல்லலாம். பனி என்றால் என்ன என்று கேட்பான். மீன் பெட்டியில் போடும் ஐஸ் தூளை ஒரு கை அள்ளிக் கொடுங்கள், புரிந்துவிடும். ஆனால் அந்தப் புத்தகத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா கிடையாது. 1982-ல் வந்த படத்தில்தான் அவரைச் சேர்த்தார்கள். தாத்தாவைத் தேடும் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆண்டர்சன் கதைகள் குழந்தைகளுக்கு ஏற்றவைதானே? மகளுக்கு 5 வயது.
– மண்டபம் வாசகர்

டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். தீக்குச்சி விற்கும் சிறுமியின் கதை (1845) கிறிஸ்துமஸ் தொகுப்புகளில் அடிக்கடி வரும். உண்மையில் அது நடப்பது ஆண்டின் கடைசி இரவில். சிறுமி குளிரில் இறந்துபோகிறாள். ஃபிர் மரத்தின் கதையிலும் (1844) அலங்கரித்த மரம் கடைசியில் விறகாகி எரிகிறது. அருமையான கதைகள்தான். 9, 10 வயதில், பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். 5 வயதில் தூங்கும் நேரத்துக்கு வேண்டாம்.

எங்கள் ஊர் வாசிப்பு வட்டத்தில் 11 முதல் 16 வயதுப் பிள்ளைகள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லோரும் உண்டு. விடுமுறையில் சேர்ந்து வாசிக்க எது பொருந்தும்?
– ஓர் ஆசிரியை, பாம்பன்

டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' (1843). கஞ்சனான ஸ்க்ரூஜ், தேடி வரும் ஆவிகளால் ஒரே இரவில் திருந்தும் கதை; எந்த வீட்டுப் பிள்ளைக்கும் ஒட்டும். ஐந்தே பகுதிகள் என்பதால் டிசம்பர் 20-ல் தொடங்கினால் 24-ல் முடிந்துவிடும். நான்காம் பகுதியில் பேசாமல் கை நீட்டும் ஆவி வரும். அதை மட்டும் பகல் வெளிச்சத்தில் வாசிப்பது சின்னவர்களுக்கு நல்லது.

பதிப்பைப் பார்த்து எடுங்கள். சுருக்கப் பதிப்புகளில் முதலில் வெட்டு விழுவது ஸ்க்ரூஜின் பள்ளிப் பருவத்துக்கு. விடுமுறைக்கும் யாரும் கூட்டிப்போகாமல் வகுப்பறையில் தனியே உட்கார்ந்திருக்கும் பையன் போய்விட்டால், கிழவர் ஏன் மாறுகிறார் என்பதே விளங்காது. பிரதியில் அந்த இடம் இருக்கிறதா என்று தேடிவிட்டுப் பணம் கொடுங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரே போடாத பதிப்பில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

ஒரே அமர்வில் முடிக்க வேண்டுமானால் ஓ. ஹென்றியின் 'தி கிஃப்ட் ஆஃப் தி மேஜாய்' (ஞானிகளின் பரிசு, 1905). 1 டாலர் 87 சென்ட் மட்டும் கையிலிருக்கும் ஓர் இளம் மனைவி, கணவனுக்குப் பரிசு தேடும் கதை. கடைசிப் பத்தியில், குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை கொண்டுவந்த கீழ்த்திசை ஞானிகள் பற்றிய பேச்சு வருகிறது. பெத்லகேம் கதை தெரியாத பிள்ளைகளுக்கு முதலிலேயே இரண்டு வரியில் சொல்லிவிட்டால் முடிவு நழுவாது. பின்னட்டையை மட்டும் காட்டாதீர்கள், சில பதிப்பகங்கள் முடிவை அங்கேயே போட்டு உடைத்துவிடுகின்றன!

இயேசு பிறப்பைக் காட்டும் குடில் நாடகமும் போடுவீர்களானால், இடையர்கள் லூக்கா 2-லும் ஞானிகள் மத்தேயு 2-லும் வருகிறார்கள். மாற்கு, யோவான் நற்செய்திகளில் பிறப்புக் கதை இல்லை. ஞானிகள் மூவர் என்றும் மத்தேயு சொல்லவில்லை; மூன்று காணிக்கைகள்தான் அங்கே உண்டு. ஆகவே நடிக்க ஐந்து பேர் வந்தாலும் ஏற்றிவிடலாம்.

அம்மாவுக்கு 78 வயது. கண்புரை. பைபிள் தவிர வேறெதுவும் படிக்க மாட்டார்.
– மூக்கையூர் வாசகி

அப்படியானால் பைபிளே வாங்குங்கள், பெரிய எழுத்தில். 16 புள்ளிக்கு மேல், மங்கிய வெள்ளைத் தாளில். வழவழத் தாளில் விளக்கொளி பட்டுக் கண் கூசும். முழு பைபிள் மடியில் கனக்கும். புதிய ஏற்பாடு தனியாகக் கிடைத்தால் அது வசதி. கோயிலில் வாசிக்கும் மொழிபெயர்ப்பு எது என்று கேட்டு அதையே எடுங்கள். மனப்பாடமான வசனம் வேறு சொற்களில் வந்தால் பெரியவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

லூக்காவில் 24 அதிகாரம். டிசம்பர் 1 முதல் பேரப்பிள்ளைகள் நாளுக்கு ஒன்றாகப் படித்துக் காட்டலாம். பிறப்பு இரண்டாம் நாளே வந்துவிடும் என்பதால், 24-ம் தேதி இரவு அந்த அதிகாரத்தை மறுபடி படியுங்கள்.

தமிழாசிரியர் ஒருவருக்குப் பரிசளிக்க?
– ராமேஸ்வரம் வாசகர்

வீரமாமுனிவரின் தேம்பாவணி. 3 காண்டம், 36 படலம், 3,615 பாடல். பாட்டுடைத் தலைவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். உரையுள்ள பதிப்பாகப் பாருங்கள். இயேசு பிறப்பு முதற் காண்டத்திலேயே வருகிறது.

போன வருடம் வாங்கிய படப் புத்தகத்தின் நடுப்பக்கம் கழன்று, பழுப்புக் கறையும் பிடித்துவிட்டது. ஏன்?
– தொண்டி வாசகர்

நடுவில் கம்பிப் பின் அடித்த புத்தகமாக இருக்கும். உப்புக்காற்றில் கம்பி துருவேறி, சுற்றியுள்ள தாளை அரித்துவிடும். கறை நடுமடிப்பில் இரண்டு புள்ளிகளாகத் தொடங்கும். கரையோர வீடுகளுக்கு நூல் தையல் போட்டதே உத்தமம். மழை மாதத்தில் புத்தகத்தை பாலித்தீனில் இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே தங்கும் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். வழவழத் தாள் நனைந்தால் காயும் முன் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடையில் வெள்ளைத் தாள் செருகி, விசிறிக் காற்றில் வையுங்கள். காயவிட்டுப் பிரித்தால் படம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும்.