கூலியா, பங்கா?

அன்புள்ள ஐயா,

விவிலியத்தில் ஓரிரு வரியில் வந்துபோகும் மனிதர்களைப் பற்றிய நாவல்களைக் கொஞ்ச நாளாகத் தேடி வாசிக்கிறேன். கடைசியாக வாசித்தது யாக்கோபு, யோவான் சகோதரர்களின் தந்தை செபதேயுவைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு நாவல். நீங்களும் அதை வாசித்ததாக எழுதியிருந்தீர்கள். அதில் அவர் குடிகாரர், பேராசைக்காரர். மகன்கள் இயேசுவின் பின்னால் போகும்போது மண்ணை வாரித் தூற்றுகிறார். முடித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. “வேதத்தில் இல்லாததை எழுதுவதே பாவம், அதை நீ காசு கொடுத்து வேறு வாங்குகிறாய்” என்கிறார் பெரியம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எதுவரைக்கும் கற்பனை செய்யலாம்?

ம., பாம்பன்

அன்புள்ள ம.,

முதலில் பெரியம்மாவுக்குப் பதில். இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர் நான்கு நற்செய்திகளிலும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவருக்கு வளன் என்று தமிழ்ப் பெயர் சூட்டி, 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார் வீரமாமுனிவர். அது பாவமென்றால் 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரு சேசு சபைக் குருவானவர் அதைச் செய்து முடித்துவிட்டார். பெரியம்மா இதை ஒப்புக்கொள்ளப் போவதில்லை. பெரியம்மாக்கள் ஒப்புக்கொள்வதில்லை.

செபதேயுவுக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் தங்கச்சிமடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசையில் மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரம் வாசித்தார்கள். சகோதரர்கள் இருவரும் படகில் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்க, இயேசு அழைக்கிற இடம். அன்று மாலை கடற்கரையில் ஒரு பெரியவர் வலையோடு உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் சம்மாட்டி, அதாவது படகு முதலாளி; இரண்டு படகு வைத்திருந்தவர். வலைக்கண்ணைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். வலை கிழிந்தால் உடனே ஊசியை எடுப்பதில்லை. பிய்ந்து தொங்கும் நூல்களை முதலில் கத்தியால் நறுக்கி ஓட்டையை இன்னும் பெரிதாக்குகிறார்கள். விளிம்பு சீரானால்தான் புது முடிச்சு நிற்கும். நறுக்கிக்கொண்டே கேட்டார்: “காலையில் வாசித்தார்களே, இரண்டு பிள்ளைகளும் இறங்கிப் போனபிறகு அந்தப் படகில் எத்தனை பேர் மிச்சம்?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிரித்தேன். மகன்கள் படகையும் தந்தையையும் விட்டுப் போனார்கள் என்பதோடு மத்தேயு நிறுத்திக்கொள்கிறார். மாற்கு மட்டும் தந்தையைக் ‘கூலியாள்களோடு’ விட்டுப்போனார்கள் என்று எழுதுகிறார். அந்த ஒரு சொல் போதும், செபதேயு நம் ஊர்க் கணக்கில் சம்மாட்டி. லூக்காவோ அவருடைய மகன்களைச் சீமோன் பேதுருவின் தொழில் கூட்டாளிகள் என்கிறார். ஆக, கரையில் ஒரு தொழில் இருந்தது. கூட்டும் கணக்கும் இருந்தன. உங்கள் நாவலாசிரியர் இந்த வரிகளைத் தாண்டிக் குதித்துப் போய்ச் சாராயக் குடுவையைப் பிடித்துக்கொண்டார்.

அதுகூடப் பரவாயில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் செபதேயு உதட்டில் படிந்த உப்பை நக்குகிறாரே, அங்கே நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கலிலேயாக் கடல் நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், ஏறத்தாழ ராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனை போகிற தூரம். கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அங்கே உப்புக்காற்று எங்கிருந்து வரும்?

1986இல் வறட்சியால் அந்த ஏரி வற்றியபோது, இரண்டு மீனவ சகோதரர்கள் சேற்றுக்குள் ஒரு பழைய படகைக் கண்டெடுத்தார்கள். இயேசுவின் காலத்தை ஒட்டியது, எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம். அதில் பன்னிரண்டு வகை மரங்கள் இருந்தன. நல்ல மரம் கிடைக்காத ஊரில், கிடைத்த துண்டையெல்லாம் வைத்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டே ஓட்டியிருக்கிறார்கள். செபதேயுவைப் பற்றி எழுதுகிறவர் அந்தப் படகை ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் மனிதர் வேறு மாதிரி உருவாகியிருப்பார்.

எதுவரைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். அளவு எனக்குப் பிரச்சினை இல்லை. 600 பக்கம் எழுதட்டும். ஆனால் அப்பாவைக் கெட்டவராக்கிவிட்டால் மகன்கள் போவது சுலபமாகிவிடுகிறது. குடிகாரனை விட்டு யார்தான் போகமாட்டார்கள்? நல்ல தகப்பன், ஓடுகிற தொழில், பாதியில் நிற்கிற வலை, அப்படியும் இறங்கிப் போனார்கள் என்பதல்லவா எழுதக் கடினமானது? அதை நாவல் தொடவே இல்லை.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. சிலுவையைத் தொலைவிலிருந்து பார்த்துநின்ற பெண்களில் செபதேயுவின் மக்களுடைய தாயும் ஒருவர் என்கிறார் மத்தேயு. மாற்கின் பட்டியலில் அந்த இடத்தில் சலோமி என்ற பெயர் இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று பலரும் கொள்கிறார்கள். என் பிள்ளைகளில் ஒருவன் வலப்பக்கம், ஒருவன் இடப்பக்கம் உட்காரவேண்டும் என்று நேரே இயேசுவிடம் போய்க் கேட்டவர் அவர். சம்மாட்டி வீட்டுக் குரல்! பிள்ளைகள் போய், பிறகு மனைவியும் போய், அந்த வீட்டில் விளக்கேற்றியது யார்? பின்னர் யாக்கோபை ஏரோது அரசன் வாளால் கொன்றான் என்று விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூல் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கிறது. அந்தச் செய்தி ஏரிக்கரைக்கு வந்தபோது கிழவர் உயிரோடு இருந்தாரா? இந்த இடத்துக்குத்தான் நாவலாசிரியர் வேண்டும்.

அந்த யாக்கோபுதான் போர்த்துக்கீசியர் நாவில் சந்தியாகு ஆகி நம் கரைக்கு வந்தவர். ஸ்பெயின், போர்த்துக்கல் மரபில் அவரைக் குதிரை ஏற்றியும் விட்டார்கள். ஜூலை 25 அன்று தங்கச்சிமடத்தில் அவருடைய திருவிழாக் கூட்டத்தில் நின்று பாருங்கள், மகனுக்கு எத்தனை மாலை என்று.

மறுநாள் பெரியவரிடம் போய், படகில் கூலியாள்கள் இருந்தார்கள் என்றேன்.

“கூலியா, பிடிக்கிற மீனில் பங்கா?”

“கூலி என்றுதான் எழுதியிருக்கிறது.”

“அப்படியென்றால் விடியும்முன் கடலுக்குப் போயிருப்பார்கள்” என்றார். பிறகு வலையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.