மில்லிங் மெஷின் ஸ்பிண்டிலுக்கு விஎஃப்டி போட்டால் பெல்ட் மாற்றும் வேலை போய்விடுமா?

சிங்கிள் ஃபேஸ் மட்டும் உள்ள சின்னப் பட்டறை, 2 எச்பி மோட்டார் உள்ள பழைய டரெட் மில்லிங் மெஷின் என்று எழுதியிருக்கிறீர்கள். விஎஃப்டி, அதாவது மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ், தாராளமாகப் போடலாம். ஆனால் பெல்ட்டையும், வேகத்தைக் குறைத்து முறுக்கு விசையைக் கூட்டும் பேக் கியரையும் கைவிட்டுவிடாதீர்கள்.

முதலில் மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்கள். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் டிரைவ் வெளியே தருவதும் 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான். நம் ஊரில் 2 எச்பி வரை உள்ள மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் (மூன்று சுருள்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்து) கட்டியிருக்கும். ஆறு முனையும் வெளியே வந்திருந்தால் பித்தளைப் பட்டைகளைக் கழற்றி டெல்டாவுக்கு (சுருள்கள் முக்கோணமாக, 230 வோல்ட்டுக்கு) மாற்றிவிடலாம். நேம் பிளேட்டில் ஸ்டாருக்கு 3.5 ஆம்ப் என்றிருந்தால் டெல்டாவில் அது 1.73 மடங்கு, ஏறக்குறைய 6 ஆம்ப். டிரைவில் இந்த எண்ணைத்தான் கொடுக்க வேண்டும். 3 எச்பிக்கு மேல் கதை வேறு: அவை 415 வோல்ட்டுக்கே டெல்டாவில் இருக்கும், இந்த வழி உதவாது.

இப்போது பெல்ட் விஷயம். 20 மி.மீ. எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) எண்ட் மில்லால் மைல்டு ஸ்டீல் வெட்ட 400 ஆர்பிஎம் போதும். பெல்ட்டை 800-இல் விட்டுவிட்டு டிரைவை 25 ஹெர்ட்ஸுக்கு இறக்கினாலும் 400 வரும். ஆனால் மோட்டாரிடம் மிச்சம் இருப்பது 1 எச்பிதான், விசிறியும் பாதி வேகத்தில்தான் சுற்றும். என் மெஷினில் அப்படி ஒரு மதியம் முழுக்க ஓட்டினேன். மோட்டார் உடம்பில் கை வைக்க முடியவில்லை, பெயின்ட் வாசனை வந்தது. பெல்ட்டை 400-க்கு மாற்றி 50 ஹெர்ட்ஸில் ஓட்டியதும் அதே வெட்டு வெண்ணெய் மாதிரி போனது. டிரைவை 35-இலிருந்து 60 ஹெர்ட்ஸ் வரை மட்டும் ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள். பெரிய கட்டர் என்றால் பேக் கியர்தான்.

அப்புறம், பழைய ஃபார்வர்டு-ரிவர்ஸ் சுவிட்ச். தயவுசெய்து அதை டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விடாதீர்கள். ஓடும்போது திருப்பினால் டிரைவ் அந்த நொடியே டிரிப் ஆகும், எரிந்தும் போகலாம். மோட்டார் ஒயர் டிரைவிலிருந்து நேராகப் போகட்டும். சுவிட்சை டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலில் கொடுங்கள். நிறுத்தும் நேரத்தை 1 நொடிக்குக் குறைத்தால் ஓவர்வோல்டேஜ் வரும், மோட்டார் திருப்பித் தரும் மின்சாரத்தை வெப்பமாக்கித் தீர்க்கும் பிரேக்கிங் ரெசிஸ்டர் இல்லையென்றால் 3 நொடி வையுங்கள்.

வார்ப்பிரும்புத் தூள் மின்சாரம் கடத்தும் என்பதால் டிரைவை மூடிய பெட்டியில் மாட்டுங்கள். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். பத்து நிமிடம் பொறுத்துவிட்டு மூடியைத் திறங்கள்.