வாசனைத் திரவியத்துக்கு எலுமிச்சை எண்ணெயும் ஆரஞ்சு எண்ணெயும் கலந்தேன், வாசம் அரைமணிகூட நிற்கவில்லை. ஏன்?

கிருஷ்ணகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இரண்டு எண்ணெயுமே சட்டென்று ஆவியாகிற டாப் நோட், அதாவது முதலில் மணந்து முதலில் மறைகிற மேல் மணம். பிடித்துவைக்க அடியில் ஆள் இல்லை. வெட்டிவேரோ சந்தனமோ சேருங்கள். அவற்றின் மூலக்கூறுகள் கனமானவை, மெதுவாகத்தான் கிளம்பும். நடுவில், ரோஜா போல மணக்கும் ஜெரேனியம் எண்ணெய் போதும். பக்கத்தில் ஓசூரிலேயே ரோஜா விளைந்தாலும் ரோஜா எண்ணெய் விலை நமக்குக் கட்டாது.

10 சொட்டுக் கலவையில் மேல் 3, நடு 5, அடி 2 என்று தொடங்கலாம். வெட்டிவேர் மட்டும் ஒரு சொட்டு போதும். தர்மபுரியில் நான் கலந்த முதல் குப்பியைத் திறந்தால், மழையில் நனைந்த களத்து மண்தான் மணத்தது!

இறுக மூடி இருட்டில் ஒரு வாரம் வையுங்கள், அப்புறம் முகருங்கள். தோலில் பூச, 10 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு 4 சொட்டு. எலுமிச்சை சேர்ந்ததைப் பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், தோல் வெந்துபோகலாம்.