ஊசிக்கு ஏறும் காந்தம், குரலுக்கு ஏறும் காந்தம்: கேள்வி பதில்

"ஊசியைக் காந்தமாக்கினேன் என்கிறோம். அவர் பேச்சு காந்தம் மாதிரி இழுத்தது என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே காந்தமா, சொல் மட்டும்தான் ஒன்றா?" என்று போன வாரம் ஒரு தங்கை கேட்டார். அதைப் பொதுவில் வைத்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. பாலிடெக்னிக் ஆய்வகத்தில் முப்பது வருடம் மாணவர்களோடு காந்தம் தேய்த்தவன் நான். சொற்களின் மேலும் தீராத ஆசை உண்டு. தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

திருப்பூரிலிருந்து ஒரு தையல்காரர்: அண்ணா, தையல் ஊசியைக் காந்தத்தில் தேய்த்தால் அது மாதக்கணக்கில் குண்டூசியை இழுக்கிறது. ஆணியைத் தேய்த்தால் சீக்கிரமே போய்விடுகிறது. ஆணிக்குள் காந்தம் சரியாக இறங்கவில்லையா?

எதுவுமே இறங்குவதில்லை, தம்பி. பலரும் தடுமாறும் இடம் இது. நூறு ஊசியைத் தேய்த்தாலும் உங்கள் காந்தம் ஒரு துளி குறையாது. அதிலிருந்து ஊசிக்குள் எதுவும் வழிந்து போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பகுதிகள் உண்டு. டொமைன் என்பார்கள். ஒவ்வொன்றும் பிறவியிலேயே முழுக் காந்தம். 1907ல் பியர் வெய்ஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் இதைச் சொன்னார். தேர் வடத்தை ஆளுக்கொரு திசையில் இழுத்தால் என்ன ஆகும்? ஆயிரம் பேர் இருந்தும் தேர் நகராது. சாதாரண ஊசியின் நிலை அதுதான். நீங்கள் ஒரே திசையில் தேய்க்கும்போது, அந்தத் திசையைப் பார்த்து நிற்கும் பகுதிகள் வளர்கின்றன, மற்றவை சுருங்குகின்றன, சில திரும்பிக்கொள்கின்றன. வடம் பிடித்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கம் திரும்பிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஊசி எஃகு. அதிலுள்ள கரியும் உள்கட்டமைப்பின் இறுக்கமும் திரும்பிய பகுதிகளை மறுபடி கலையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. ஆணி மெல்லிரும்பு. சட்டென்று திரும்பும், சட்டென்று கலையும். எளிதில் காந்தமாவது எளிதில் இழக்கும். கஷ்டப்பட்டுக் காந்தமாவது வைத்துக்கொள்ளும்.

செய்முறை: காந்தத்தின் ஒரே முனையால், ஊசியின் காதிலிருந்து கூர் வரை, ஒரே திசையில் முப்பது நாற்பது முறை. கூர் வந்ததும் காந்தத்தை உயரத் தூக்கி, சுற்றிக் கொண்டுவந்து, மறுபடி காதிலிருந்து ஆரம்பியுங்கள். வடமுனையால் தேய்த்திருந்தால், கடைசியில் விடுபடும் கூர் முனை தென்முனையாகும்.

அவரே: முன்னும் பின்னுமாகத் தேய்த்தால்?

போகும்போது அடுக்கியதை வரும்போது கலைத்துவிடுவீர்கள்.

ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி: சார், காந்தமான ஊசியை அடுப்பில் காட்டினால் காந்தம் போய்விடுமா?

போகும்மா. இரும்புக்கு 770 டிகிரி செல்சியஸ் எல்லை. அதைத் தாண்டினால் அந்தக் குட்டிப் பகுதிகளே இல்லாமல் போகும், அணுக்கள் தம் இஷ்டத்துக்கு ஆடும். பியர் கியூரி ஆராய்ந்த விஷயம் என்பதால் கியூரி வெப்பநிலை என்கிறோம். ஊசி செக்கச் சிவந்தால் போதும், பெரும்பாலும் கலைந்துவிடும். கீழே போட்டுத் தட்டினாலும் குறையும். வீட்டில் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடுக்கியால் பிடித்துச் செய்து பார்.

இதற்கு நேர்மாறான ஒரு பழைய சோதனையும் இருக்கிறது. இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் 1600ல் காந்தம் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். அதில் ஒரு கொல்லர், பழுக்கக் காய்ச்சிய இரும்பை வடக்கு தெற்காக வைத்து அடிக்கிற படம் வரும். அடித்துக் குளிரும்போது அந்த இரும்பு காந்தமாகிவிடுகிறது. தேய்க்க வேறு காந்தமே இல்லை. பூமிதான் காந்தம். சூடும் அடியும் உள்ளே இறுகிக் கிடப்பதைத் தளர்த்துகின்றன, ஆறும்போது பூமி சொல்லும் திசையில் அவை நின்றுவிடுகின்றன. இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

கோவையிலிருந்து ஒரு இல்லத்தரசி: எவர்சில்வர் பாத்திரத்தில் காந்தம் ஒட்டினால் போலி என்கிறார்களே?

அதை நம்பிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள், அம்மா. 304 ரகத்தில் சாதாரணமாகக் காந்தம் ஒட்டாது. ஆனால் அதையே அழுத்தி வளைத்துப் பாத்திரமாக்கும்போது விளிம்புகளில் லேசாக ஒட்டத் தொடங்கும். 430 ரகத்தில் நன்றாக ஒட்டும். அதுவும் எவர்சில்வர்தான், நிக்கல் இல்லாதது. நிக்கல் குறைந்த 200 வரிசையில் ஒட்டாது. ஆக, ஒட்டாததெல்லாம் உயர்ந்த ரகமும் இல்லை, ஒட்டுவதெல்லாம் போலியும் இல்லை. இண்டக்‌ஷன் அடுப்புக்கு வாங்குவதென்றால் மட்டும் அடியில் காந்தம் நன்றாக ஒட்ட வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர்: "சபையை மேக்னடைஸ் செய்தார்" என்று மூலத்தில் வருகிறது. "காந்தமயமாக்கினார்" என்று போட்டேன், பதிப்பாசிரியர் அடித்துவிட்டார். ஏன் தமிழில் அது ஒட்டவில்லை?

உங்கள் பதிப்பாசிரியர் பக்கம்தான் நான். காந்தமாக்குதல், காந்தமேற்றுதல் எல்லாம் ஆய்வகச் சொற்களாகவே நின்றுவிட்டன. மனிதர்களுக்கு வரும்போது தமிழ் வேறு வழியில் போகிறது. காந்தக் குரல், காந்தப் பார்வை, காந்தக் கண் என்று பண்பாக ஏற்றும். வினையாக வேண்டுமென்றால் கட்டிப்போட்டார், சொக்க வைத்தார், சுண்டி இழுத்தார் என்னும். உங்கள் வாக்கியத்துக்கு "சபையைக் கட்டிப்போட்டார்" போதும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். காந்தம் என்ற சொல்லுக்கு உருவகம் பிறகு வந்து சேரவில்லை, அந்தச் சொல்லே உருவகமாகத்தான் பிறந்தது. வடமொழியில் காந்த என்றால் விரும்பப்படுவது. அயஸ்காந்தம் என்றால் இரும்பின் காதலன். கணவனைக் காந்தன் என்றும் மனைவியைக் காந்தை என்றும் சொல்கிறோமே, அந்தக் காந்தம்தான் இது. சும்பகம் என்று இன்னொரு பெயரும் நிகண்டுகளோடு தமிழுக்கு வந்தது. முத்தமிடுவது என்று பொருள். இந்திக்காரர்கள் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். சீனர்கள் பழங்காலத்தில் எழுதிய பெயருக்கு அன்புள்ள கல் என்று பொருள். ஒருவரை ஒருவர் பார்க்காமலே இத்தனை மொழிக்காரர்கள் ஒரு கல்லைப் பார்த்து ஒரே விஷயத்தை நினைத்திருக்கிறார்கள்.

அடிப்பிடித்த சோற்றின் காந்தல், வயிறு காந்துகிறது என்பதெல்லாம் வேறு. எரிதலைச் சொல்லும் நம் சொந்த வினை அது. ஓசை ஒன்றானதால் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மயிலாடுதுறையிலிருந்து ஒரு வாசகி: சிவஞானபோதத்தில் "காந்தம் கண்ட பசாசத் தவையே" என்று வருகிறது. காந்தத்தைப் பார்த்த பேய் என்றா பொருள்? சின்ன வயதிலிருந்து குழப்பம்.

இந்தக் கேள்விக்காகவே இன்று உட்கார்ந்ததுபோல் இருக்கிறது எனக்கு. பசாசம் என்றால் அங்கே இரும்பு, அம்மா. காந்தத்தைக் கண்ட இரும்பு போல என்கிறார் அந்தச் சைவ சித்தாந்த நூலை எழுதிய மெய்கண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டு. ஐந்தாம் சூத்திரத்தின் கடைசி அடி அது. கண்ணும் காதும் மூக்கும் பொருள்களை அளந்து அறிகின்றன, ஆனால் உயிர் உள்ளே நின்று அறியாவிட்டால் அவற்றுக்குத் தாமாக அறிவில்லை. அதுபோல உயிரும் அருளின் முன்னிலையில்தான் அறிகிறது, காந்தத்தின் முன் நின்ற இரும்பு அசைவதுபோல.

"கண்ட" என்ற சொல்லைக் கவனியுங்கள். இழுத்த என்று சொல்லவில்லை. காந்தம் வேலை எதுவும் செய்யவில்லை, சும்மா இருக்கிறது. அதன் சந்நிதியில் இரும்புக்கு ஏதோ நேர்கிறது. இயற்பியலும் இதைத்தான் சொல்கிறது. காந்தம் அருகே வந்ததும் முதலில் இரும்புக்குள்ளே பகுதிகள் வரிசைப்படுகின்றன, இரும்பே ஒரு தற்காலிகக் காந்தமாகிறது, அப்புறம்தான் ஈர்ப்பு. காந்தமாகாமல் இழுபடும் இரும்பு கிடையாது. பக்கத்தில் கிடக்கும் மரத்துண்டு இழுபடாததற்குக் காரணம் அதற்குள் அப்படி வரிசைப்பட ஒன்றும் இல்லாததுதான். (இரும்பும் அதே விசையால் காந்தத்தை இழுக்கிறது என்பது நியூட்டன் கணக்கு. சித்தாந்தி அதை ஏற்கமாட்டார். அங்கே உவமையும் இயற்பியலும் பிரிகின்றன.)

கிரேக்கத்தில் பிளேட்டோவும் இதே இடத்தைத் தொட்டார். அயோன் என்ற உரையாடலில் சாக்ரட்டீஸ் சொல்கிறார்: காந்தக் கல் இரும்பு வளையத்தை இழுப்பதோடு நிற்பதில்லை, அந்த வளையத்துக்கும் இழுக்கும் சக்தியைத் தருகிறது. அது அடுத்ததை இழுக்கிறது, இப்படி வளையங்கள் சங்கிலியாகத் தொங்குகின்றன. கலைத் தெய்வம் கல். முதல் வளையம் கவிஞன், அடுத்தது அதைப் பாடிக் காட்டுபவன், கடைசி வளையம் கேட்கும் நாம்.

தங்கை கேட்ட கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. காந்தப் பேச்சு என்றால் கேட்பவன் இழுபட்டான் என்று மட்டும் நினைக்கிறோம். அவனும் காந்தமானான் என்பதை விட்டுவிடுகிறோம். ஒரு நல்ல ஆசிரியரிடம் படித்துவிட்டு வந்த பையன் தெருத் திண்ணையில் நாலு பேரைக் கூட்டி அதையே சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது இரண்டாம் வளையம்.

பெயர் போடாத ஒருவர்: காந்த வளையல், காந்தப் படுக்கை விற்கிறார்கள். ரத்தத்தில் இரும்பு இருப்பதால் வேலை செய்யுமாமே?

ரத்தத்தில் இருக்கும் இரும்பு ஆணி இரும்பு இல்லை, ஐயா. ஆக்சிஜன் ஏந்திய ரத்தத்தைக் காந்தம் மிக மெலிதாகத் தள்ளவே செய்கிறது. 1936லேயே பாலிங், கோரியல் என்ற வேதியியலாளர்கள் காட்டிவிட்டார்கள். எம்ஆர்ஐ கருவிக்குள் 1.5 டெஸ்லா (காந்தப் புலத்தின் வலிமையை அளக்கும் அலகு) புலத்தில் ரத்தம் எந்தப் பக்கமும் ஓடிவிடவில்லை. அந்த வளையல் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. மூட்டு வலிக்கு அந்தப் பணத்தோடு மருத்துவரிடம் போங்கள்.

இது பழைய கதைதான். பதினெட்டாம் நூற்றாண்டில் மெஸ்மர் என்ற மருத்துவர், உயிர்களுக்குள் ஒரு காந்தப் பாய்மம் ஓடுவதாகவும், தான் தொட்டு எதையும் காந்தமேற்ற முடியும் என்றும் பாரிஸில் வைத்தியம் செய்தார். நாம் இன்று சொல்லும் மெஸ்மரிசம் அவர் பெயர். 1784ல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழுவில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியலாளர் லவாசியேவும் இருந்தார்கள். பிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் மெஸ்மரின் சீடர் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்கு மட்டும் "காந்தமேற்றினார்". கண்ணைக் கட்டி ஒரு பன்னிரண்டு வயதுப் பையனை அழைத்து வந்தார்கள். அவன் வேறு மரங்களைத் தொட்டுக்கொண்டே வந்து, நான்காவதில் மயங்கி விழுந்தான். காந்தமேற்றிய மரம் இன்னும் தள்ளி இருந்தது. அந்தப் பையன் நடித்ததாக எனக்குத் தோன்றவில்லை. எதிர்பார்ப்பு அவனை உண்மையிலேயே வீழ்த்தியது. குழுவும் கற்பனையின் வலிமை என்றே எழுதியது.

திருநெல்வேலியிலிருந்து: வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்பது காந்தத்தாலா?

இல்லை. பூமியின் காந்தம் டெஸ்லாவில் லட்சத்தில் சில பங்குதான். எந்தப் பக்கமும் நிம்மதியாகப் படுங்கள். ஆனால் உங்கள் ஊருக்கு ஒரு சிறப்பு உண்டு, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். காந்த நடுக்கோடு, அதாவது காந்த ஊசி எந்தப் பக்கமும் சாயாமல் நிற்கும் கோடு, உங்கள் பக்கமாகத்தான் போகிறது. 1581ல் லண்டனில் ராபர்ட் நார்மன் என்ற கருவி செய்பவர், சமமாக நின்ற ஊசி காந்தமேற்றியதும் ஒரு முனை கனத்ததுபோலக் கீழே சாய்வதைக் கண்டு எழுதினார். லண்டனில் அது செங்குத்தாகச் சாயப் பார்க்கும். உங்கள் வீட்டுத் திண்ணையில் ஏறக்குறைய படுக்கையாகவே நிற்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பேரன்: ஐயா, அப்பம்மாவின் குரல் இருக்கிற ஒரேயொரு கேசட் என்னிடம் இருக்கிறது. தாலாட்டுப் பாடுவா. பாட்டுத் தொடங்க முதல், மிக மெல்லமாக அதே பாட்டுக் கேட்குது. நாடா பழுதாய்ப் போச்சா?

பழுதில்லை, தம்பி. பயப்படாதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடு துகள் பூசியிருக்கிறது. உங்கள் அப்பம்மா பாடியபோது குரலின் ஏற்ற இறக்கத்துக்குத் தகுந்தபடி அந்தத் துகள்கள் காந்தமேறி நின்றுவிட்டன. காந்தக் குரல் என்ற சொல் உவமையே இல்லாமல் நிஜமாகும் இடம் அது. நாடா சுருட்டி வருடக்கணக்காகக் கிடக்கும்போது, ஒரு சுற்றின் காந்தம் தன்மேல் படிந்திருக்கும் பக்கத்துச் சுற்றையும் லேசாகக் காந்தமாக்கும். வெறுமையாய் இருந்த முந்தின சுற்றில் அவர் குரல் பதிந்துவிட்டது. அதுதான் பாட்டுக்கு முன் கேட்கிறது. 90 நிமிட, 120 நிமிடக் கேசட்டுகளில் நாடா இன்னும் மெல்லியது, அதிகம் கேட்கும்.

போடுவதற்கு முன் முழு நாடாவையும் ஒரு முறை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். அந்த நிழல் ஒலி கொஞ்சம் குறையும். கேசட்டின் முதுகில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள், தவறி யாரும் மேலே பதிவு செய்ய முடியாது. ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், வெயில் படும் அலமாரியும் வேண்டாம். நல்ல பிளேயர் வைத்திருக்கும் ஒருவரைத் தேடி இந்த மாதமே கணினியில் ஏற்றி, இரண்டு இடத்தில் வையுங்கள். ஏற்றும்போது முன்னால் கேட்கும் அந்த மெல்லிய ஒலியையும் வெட்டாமல் விடச் சொல்லுங்கள்.